ஃபாண்டெல்வர் சுரங்கத்தை நடத்தப் புகுவோருக்கு

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை அறிமுகம் செய்து 2014-இல் வெளிவந்த ஆரம்பப் பெட்டியில், விதிப் புத்தகம், பகடைகள், தயாராக எழுதி வைத்த 5 பாத்திரங்கள் ஆகியவற்றோடு ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ என்ற 64 பக்க ஸாகஸக் கதையும் இருந்தது. டஞ்சன் மாஸ்டராகப் புதிதாக அமர்கிறவர்கள் பலர் இன்றும் இதைக் கொண்டே தொடங்குகிறார்கள். தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடங்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. என் அபிப்பிராயத்தில், இந்தக் கதையின் பலம் முழுவதும் நடுவிலும், பலவீனம் இரண்டு முனைகளிலும் அமைந்திருக்கிறது. ஆகவே நடுவில் கை வைக்காமல் முனைகளை மாத்திரம் செப்பனிடுவதே நடத்துகிறவரின் வேலை.

1. முழுவதையும் படித்துவிடுங்கள்

நான்கு பாகங்களையும் படித்து முடித்த பிறகே நண்பர்களைக் கூப்பிடுங்கள். முதல் பாகத்தில் கடத்தப்படுகிற கன்ட்ரன் என்ற குள்ளர் சிறையிருக்கும் கிராக்மா கோட்டை மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது என்பதால், படித்துக்கொண்டே நடத்தலாம் என்ற சோம்பல் இங்கே செல்லாது.

2. முதல் சண்டையை அடக்கி வையுங்கள்

தலைக்குப் 10 பொற்காசு கூலி பேசிக்கொண்டு, நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபாண்டலின் என்ற சிற்றூருக்கு ஸாமான் வண்டி ஓட்டிச் செல்லும் வீரர்கள், கறுப்பு இறகு கட்டிய அம்புகள் தைத்த இரண்டு குதிரைகள் பாதையை மறித்துச் செத்துக் கிடப்பதைக் காண்கிறார்கள். அருகே போனதும், புதரில் பதுங்கியிருந்த 4 கோப்ளின்களில் இரண்டு பாய்ந்து வந்து வெட்ட, மற்ற இரண்டு 30 அடி தூரத்தில் நின்று அம்பு விடுகின்றன. காட்சி மிக அழகானது, கணக்குத்தான் பொல்லாதது.

ஒரு கோப்ளினின் அடி, பட்டால், சராசரியாக 5 ஹிட் பாயிண்டைக் கொண்டுபோகும். பெட்டியிலுள்ள மந்திரவாதிக்கோ மொத்தமே 8. அதாவது இரண்டு அம்பு தைத்தால், தன் முதல் மந்திரத்தைச் சொல்லுமுன்னே அவர் மூர்ச்சித்து விழுந்துவிடுவார். அந்தப் பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் கைந்நூல் சொல்கிறபடி கணக்கிட்டாலும் நிலைமை இதுதான்: கோப்ளின் தலைக்கு 50 அனுபவப் புள்ளி வீதம் நான்குக்கு 200, எதிரிகளின் எண்ணிக்கையை உத்தேசித்து அதை இரட்டித்தால் 400, முதல் லெவலிலுள்ள நால்வருக்கு அது பிராணாபத்து என்று வகுக்கப்பட்ட எல்லையையே தொட்டுவிடுகிறது.

ஆகையால் ஆடுகிறவர்கள் 5 பேருக்குக் குறைந்தால், தயங்காமல் ஒரு கோப்ளினைக் கழித்துவிடுங்கள். இரண்டு அம்புகளை ஒரே ஆள்மீது விடாதீர்கள். அடித்த கையோடு மறுபடி ஒளிந்துகொள்ளும் ஸாமர்த்தியம் கோப்ளின்களுக்கு உண்டு. அதை முதல் சண்டையில் மறந்துவிட்டு, அவற்றின் குகைக்குள் போன பின் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பகடையை மறைத்து உருட்டி எண்ணைத் திருத்திச் சொல்வது சிலருக்கு வழக்கம். அது வேண்டாம், எண்ணைத் திருத்துவதைவிட எதிரியைக் குறைப்பதே யோக்கியமான வழி.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தப் பகுதியின் முடிவில் ஆசிரியர்களே எழுதியிருப்பதை ஊன்றிப் படியுங்கள். வீரர்கள் தோற்றால் கோப்ளின்கள் அவர்களைக் கொல்வதில்லை. மயங்கிக் கிடக்கவிட்டு, வண்டியையும் உடைமையையும் கொள்ளையடித்துக்கொண்டு போய்விடுகின்றன. இதைக் கவனியாமல், நால்வரும் மாண்டார்கள் என்று புத்தகத்தை மூடிவைத்தவர்களை நான் அறிவேன். ஜயித்தாலும் ஒரு கோப்ளின் தப்பி ஓடட்டும், அல்லது பிடிபடட்டும். குகைக்கு வழி காட்ட அது வேண்டும்.

குகைத் தலைவன் கிளார்க்கின் முள்தடி சராசரி 11 பறிக்கும் என்பதால் அங்கும் இதே ஜாக்கிரதை தேவை. ஆனால் கிளார்க்கின் தலையைக் கொண்டு வந்தால் தன் பிடியிலுள்ள வேறொரு கைதியை விட்டுவிடுவதாக யீமிக் என்ற கோப்ளின் பேரம் பேசுகிற இடம் பிரமாதம். அதைத் தவற விடாதீர்கள்.

3. ஃபாண்டலினை அப்படியே விடுங்கள்

இதுவே கதையின் ஜீவன். தோட்டக்காரர் டாரன், கோயில் ஸகோதரி காரேல், சுரங்கக்காரர் சங்கத்து ஹாலியா ஆகிய ஒவ்வொருவரும் தம் தம் காரியத்துக்காக வீரர்களை வெவ்வேறு திசைக்கு ஏவுகிறார்கள்; ஊரை மிரட்டும் ரெட்பிராண்டு ரௌடிகளின் மறைவிடத்துக்குச் சுரங்க வழியைப் பண்ணை வீட்டுச் சிறுவன் கார்ப் அறிந்து வைத்திருக்கிறான். எதை முதலில் செய்வது என்பதை ஆடுகிறவர்களுக்கே விடுங்கள். ஒரு மாலைக்கு இரண்டு வேலைக்கு மேல் அவர்கள் காதில் போடக் கூடாது என்பது என் சட்டம்.

4. டிராகனை முன்கூட்டி அறிவியுங்கள்

தண்டர்ட்ரீ என்ற பாழூரின் கோபுரத்தில் 136 ஹிட் பாயிண்டோடு வெனம்ஃபாங் என்ற டிராகன் குடியிருக்கிறது. அதன் விஷ மூச்சு சராசரி 42. மூன்றாம் லெவல் ஆசாமி நின்ற இடத்தில் சாய்வார். பலம் பாதியானதும் அது பறந்து போய்விடும் என்று புத்தகமே சொல்கிறது. ஊருக்கு வெளியிலேயே யாரேனும் ஒருவர் வாயால் எச்சரித்துவிட்டால், பிறகு வருவது ஆடுகிறவர்கள் பொறுப்பு.

5. வில்லனுக்கு உயிர் கொடுங்கள்

மறுமுனையின் குறை இதுதான். எல்லாவற்றுக்கும் சூத்திரதாரியான ‘கறுப்புச் சிலந்தி’ நெஸ்நார், கடைசிக் குகையில்தான் முதன்முறை முகம் காட்டுகிறான். முன்பின் அறியாதவனிடம் யாருக்குக் கோபம் வரும்? ரெட்பிராண்டு தலைவனுக்கு அவன் எழுதிய கடிதம் ஒன்று புத்தகத்திலேயே உண்டு. அதைப் போல இன்னும் இரண்டு எழுதி, கோப்ளின் குகையில் ஒன்றும் கிராக்மா கோட்டையில் ஒன்றும் வையுங்கள். பிந்தியதில் வீரர்களின் பெயர்களைச் சொல்லியே அவன் ஏளனம் செய்யட்டும். கோட்டையில் உருமாறும் டாப்பல்கேங்கர் ஒருத்தி அவனுக்கு ஊழியம் செய்கிறாள். அவளை முன்னதாகவே ஃபாண்டலின் விடுதியில் சிநேகிதியாக உலவ விட்டால், துரோகம் வெளிப்படுகிறபோது அவன்மீது பகை தானாகவே மூளும்.

இதே கதையை விரித்துப் பன்னிரண்டாம் லெவல் வரை இழுத்துச் செல்லும் புத்தகம் ஒன்று 2023-இல் வந்திருக்கிறது. முதன்முறை நடத்துகிறவருக்கு அது வேண்டாம். பழைய பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். தொடங்கிய கதையை முடித்துவைத்த டஞ்சன் மாஸ்டரிடம்தான் அடுத்த கதைக்கும் நண்பர்கள் வருவார்கள்.