‘ஹேங் அப்’ – சொல்லும் பொருளும்

தொலைபேசியில் பேசி முடித்து இணைப்பைத் துண்டிப்பதை ஆங்கிலத்தில் ‘ஹேங் அப்’ என்பர். ‘ஹேங்’ என்றால் தொங்கவிடுதல். இன்று நாம் கைப்பேசியை எங்கும் தொங்கவிடுவதில்லை. விரலால் தொட்டாலே இணைப்பு அறுந்துவிடுகிறது. அங்ஙனமாயின் இச்சொல் எவ்வாறு பிறந்தது?

1876-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பரவிய சுவர்த் தொலைபேசி ஒரு மரப்பெட்டியாகும். பேசும் குழல் பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கேட்கும் குழலோ பக்கத்துக் கொக்கியில் தொங்கும். அதனை எடுத்தால் சுருள்வில்லின் விசையால் கொக்கி மேலெழும். பேச்சுக்குரிய மின்சுற்று இணையும். மீண்டும் மாட்டினால் குழலின் எடையால் கொக்கி தாழும், சுற்று அறும். ஆகவே, குழலைத் தொங்கவிடுவதே பேச்சை முடிப்பதாயிற்று. கருவி மாறிற்று, சொல் நிலைத்தது.

நம் பேச்சிலும் இத்தகைய வழக்கு உண்டு. மேசைத் தொலைபேசியில் பேசி முடித்தவர் கைக்குழலைத் தாங்கியின்மேல் வைப்பார். அதனாலேயே ‘போனை வை’ என்கிறோம். மலாய் மொழியில் ‘லெத்தாக் தெலெபோன்’ என்பதற்கும் அதுவே பொருள்.

இனி, கருத்தில் கொள்ளவேண்டிய ஒன்று. ‘ஹேங் ஆன்’ என்று மற்றொரு தொடர் உண்டு. விடாமல் பற்றிக்கொள் என்பது அதன் அடிப்படைப் பொருள். தொலைபேசியில் ‘சற்றுக் காத்திரு’ என்று பொருள்படும். ஓசையில் நெருங்கிய இவ்விரண்டும் பொருளில் நேர்மாறானவை.

பெற்றோர் வேலைக்காட்டில் இருக்கையில், வீட்டில் பாட்டி மயங்கி விழுகிறார் எனக் கொள்வோம். பிள்ளை 999 என்னும் அவசர எண்ணை அழைக்கிறது. மறுமுனையில் இருப்பவர் ‘ஹேங் ஆன்’ என்கிறார். அதனை ‘ஹேங் அப்’ எனக் கருதிப் போனை வைத்துவிட்டால் என்னாகும்? கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்குள் பாதைகள் ஒன்றுபோலவே தோன்றும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம் என்பதைக் கேட்டறியாமல் ஆம்புலன்ஸ் எங்ஙனம் வந்து சேரும்?

ஆதலின், மறுமுனையில் ‘வைக்கலாம்’ என்று கூறும்வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது. பெற்றோர்களும் இவ்விரு தொடர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழக்குவார்களாக. ஒரு சொல்லைப் பிழையறக் கற்பது ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.