தானே எரித்த கோட்டை

லாட்வியா நாட்டில், தௌகவா என்னும் பேராற்றோடு பேர்சே என்னும் சிற்றாறு கலக்குமிடத்தில் உயர்ந்த மேடு ஒன்று இருந்தது. இருபுறமும் ஆறுகள் காக்க, எஞ்சிய புறத்தில் அகழி வெட்டி, மரத்தாலும் மண்ணாலும் பண்டைய மக்கள் அங்கே அரண் அமைத்தனர். கொக்னெசே என்பது அதன் பெயர்.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்செகே என்னும் சிற்றரசன் அதனை ஆண்டான். லித்துவானியரின் படையெடுப்புக்கு அஞ்சிய அவன், ரீகாவில் நிலைகொண்டிருந்த ஜெர்மானியரின் ஆயர் ஆல்பர்ட்டின் துணையை நாடி, கோட்டையில் பாதியை அவருக்கு அளிக்க இசைந்தான். பாதி கொடுத்த வீட்டில் அமைதி ஏது? 1208-ஆம் ஆண்டில், ஆயரின் வீரர்கள் படைக்கலங்களைக் களைந்து வைத்துவிட்டு அகழியில் கல் வெட்டிக்கொண்டிருந்தபோது, வெட்செகேயின் ஆட்கள் பாய்ந்து அவர்களை வெட்டி வீழ்த்தினர். இதனை எழுதி வைத்த ஹென்றி பாதிரியார் ஆயரின் பக்கத்தவர். வெட்செகே தன் வாயால் என்ன சொல்லியிருப்பானோ, அறியோம். ஆயரின் பெரும்படை வருமென்று அஞ்சிய அவன், தன் கோட்டைக்குத் தானே தீயிட்டுவிட்டு உருசிய நாட்டிற்கு ஓடினான். 1224-இல் தார்த்து நகரில் ஜெர்மானியரோடு பொருது மாண்டான்.

சாம்பல் கிடந்த மேட்டில் 1209-இல் ஆல்பர்ட் கற்கோட்டை எழுப்பத் தொடங்கினார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அது பலர் கைமாறி நின்றது. 1701-இல் சுவீடன் நாட்டுப் படைக்கு அஞ்சிப் பின்வாங்கிய சாக்சனிப் படையினர் அதனை வெடிமருந்தால் தகர்த்தனர். இம்முறையும் அழித்தவர் அதனைக் காத்து நின்றவரே.

1965-இல் பிளாவினாஸ் அணையின் நீர் தேங்கி ஆறு உயர்ந்தது. ஒருகாலத்தில் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்த சுவர்களின் அடியை இன்று அலைகள் தொடுகின்றன.