இடாப்பும் எண்ணும்
ரெக்சாஸ் மாநிலத்திலே கல்லூரிப் பாடநெறிகள் கணக்கிடப்படுமாறு

நாம் கல்லூரியிற் பயின்ற நாட்களிலே, காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்புக்குள் வந்தமர்ந்ததும் ஆசிரியர் முதலிற் கையிலெடுப்பது புத்தகமன்று, இடாப்பு. பெயரைக் கூப்பிடுவார், ‘உள்ளேன் ஐயா’ என்போம், ஒரு கோடு விழும். அக்கோட்டினை நாம் பெரிதாக எண்ணியதில்லை. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிலே பிள்ளைகளின் வரவுக்கும் அரசாங்கத்தாரிடமிருந்து வரும் பணத்துக்கும் உறவுண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். வித்தியாதரிசி வருகின்ற நாளில் இடாப்பு எத்துணைத் துப்புரவாக விளங்கும் என்பதைப் பழைய மாணவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று எம்முடையோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்த நாடுகளின் கல்லூரிகளிலே பயில்கின்றனர், கற்பிக்கின்றனர், சிலர் பதிவாளர் அலுவலகங்களில் இருந்து எழுதுகின்றனர். அங்கும் இடாப்பு ஒழிந்துவிடவில்லை. அது கணினிக்குள்ளே புகுந்து, கல்லூரியிலிருந்து மாநிலத்தின் தரவுத்தளத்துக்குச் செல்லும் அறிக்கையாக மாறியுள்ளது. அம்முறை எவ்வாறு இயங்குகின்றதென்பதை ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். பாடநெறியின் பெயரெண்ணே தன் கதையைச் சொல்லிவிடுமாறு அங்கு ஒழுங்கு செய்யப்பட்டிருத்தலின், முதன்முறை கற்பார்க்கு அதுவே எளிது.

ஐக்கிய அமெரிக்காவிலே உயர்கல்வி பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பாகும். மத்திய அரசாங்கமும் கல்லூரிகளிடம் கணக்குக் கேட்கின்றது; எனினும் அது கேட்பது தொகைகளையே. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதோடு அது அமைந்துவிடும். மாணாக்கர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதியும் புதிய தரவுத்தளமொன்றை மத்திய அரசாங்கம் அமைத்தலை 2008 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தடுத்தும் விட்டது. மாநிலத்தின் நிலை வேறு. 1965 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற ரெக்சாஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்புச் சபைக்கு மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி, வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என்று அனுப்பவேண்டும். அறிக்கைகளை எண்ணாலேயே அழைப்பர். 001 மாணாக்கரைப் பற்றியது. 003 பாடநெறிகளின் கோவை. 004 அத்தவணையில் நடைபெற்ற வகுப்புக்களைக் கூறுவது. 008 ஆசிரியரைப் பற்றியது. 009 பட்டமும் சான்றிதழும் பெற்றோரைப் பற்றியது.

இவற்றுள் 003 உம் 004 உம் வேறு வேறு என்பதை முதலில் தெளிந்து கொள்ளல் வேண்டும். 003 என்பது கல்லூரி கற்பிக்கத்தக்க பாடநெறிகளின் பட்டியல். 004 என்பது உண்மையாகவே கற்பித்த வகுப்புக்களின் பட்டியல். சமையற் குறிப்புப் புத்தகத்துக்கும் அன்றைய பந்திக்கும் உள்ள வேறுபாடே இது. புத்தகத்தில் இல்லாத பண்டம் பந்தியிற் காணப்படுமாயின் சபையின் கணினி அதனை மறுத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

இனிப் பெயரெண்ணைப் பார்ப்போம். ரெக்சாசின் பொதுப் பாட எண்முறையிலே பாடநெறி ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் உண்டு. எழுத்துக்கள் பாடத்தைக் குறிப்பன. ஐக்கிய அமெரிக்க வரலாற்றின் முதற்பகுதிக்கு வரலாறு 1301 என்பது எண். முதலிலக்கமாகிய 1, இது முதலாண்டுப் பாடம் என்கின்றது. இரண்டாவதாகிய 3, இதன் மதிப்பலகு மூன்று என்கின்றது. எஞ்சிய 01 வரிசையைக் காட்டுவது. மதிப்பலகாவது, வாரத்துக்கு ஒரு மணி வீதம் ஒரு தவணை முழுதும் நிகழும் வகுப்பின் அளவு என்று பருமட்டாகக் கொள்ளலாம். பதினாறு வாரத் தவணையிலே மூன்று மதிப்பலகுக்கு 48 மணி நேரம் ஆகும். உயிரியல் 2401 என்று கண்டால், இரண்டாமாண்டுப் பாடம், மதிப்பலகு நான்கு என்று உடனே சொல்லிவிடலாம். மனிதரின் உடலமைப்பையும் உடற்றொழிலையும் பற்றிய பாடம் அது; ஆய்வுகூட வேலையும் சேர்வதால் நான்காயிற்று. சமுதாயக் கல்லூரியொன்றில் 1301 கற்ற பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது மறுமுறை அதனைக் கற்க நேராதிருத்தற்கு இவ்வெண்ணே பெருந்துணையாகும்.

இதனோடு இன்னுமோர் எண் சேர்கின்றது. கல்வி நெறிகளை வகைப்படுத்தும் ஆறிலக்கக் குறியெண் அது. மத்திய அரசாங்கத்தின் கல்விப் புள்ளிவிவர நிலையத்தார் 1980 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டுக் காலத்துக்குக் காலம் திருத்தி வந்துள்ளனர். 2020 ஆம் ஆண்டிலும் ஒரு திருத்தம் வந்தது. முதலிரண்டு இலக்கம் பெருந்துறையைக் காட்டும். 27 கணிதம், 54 வரலாறு, 51 சுகாதாரத் தொழில்கள், 16 பிறமொழிகள். அமெரிக்க வரலாறு 54.0102 ஆகும். அதே தொகுதியிலே சமஸ்கிருதத்துக்கு 16.0702 என்றும், தமிழ் மொழிக்கும் இலக்கியத்துக்கும் 16.0706 என்றும் தனித்தனி எண் வகுக்கப்பட்டிருத்தலை எம் வாசகர் மகிழ்வுடன் அறிவாராக.

மகிழ்ந்ததோடு அமையாது ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்ரின் வளாகத்தில் தமிழ் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அத்தகைய வகுப்பொன்றைப் புதிதாகத் தொடங்கும் கல்லூரி, அதனைத் தமிழின் எண்ணிற் பதியாது, தென்னாசிய மொழிகள் பொது என்னும் எண்ணிற் பதிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வகுப்பு நடக்கும், பிள்ளைகள் படிப்பர், ஆசிரியர் வேதனம் பெறுவார். ஆயினும் மாநிலத்திலே தமிழ் பயில்வார் எத்தனைபேர் என்று எவரேனும் தரவுத்தளத்தை வினவினால் அவர்களை அங்கே காணமுடியாது. பாடநெறியை முதன்முதல் எழுதிய நாளிலே ஒருவர் இட்ட எண், பல்லாண்டுக்குப் பின் ஒரு துறை உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வல்லதாகின்றது. பிழை பெரும்பாலும் அறிக்கை அனுப்பும் எழுதுவினைஞரிடத்திற் பிறப்பதில்லை. அவரிடத்திற் கண்டுபிடிக்கப்படுகின்றது, அவ்வளவே. பழியும் அவர்மீதே விழுகின்றது என்பது வேறு கதை.

இனி எண்ணும் நாள். பதினாறு வாரத் தவணையிலே பன்னிரண்டாம் வகுப்பு நாளே கணக்கெடுக்கும் நாளாகும். அன்று இடாப்பிலே யார் உளரோ அவரே மாநிலத்தின் கணக்கில் உள்ளவர். முப்பது பேர் உள்ள வரலாற்று வகுப்புக்கு 30 ஐ 3 ஆற் பெருக்க 90 மதிப்பலகு வரும். எழுதுவோர் மூன்றை நான்கென மாறி எழுதினால் 120 ஆகும்; பாட எண்ணின் இரண்டாமிலக்கத்தோடு ஒத்துப்பாராத குறையாதலின் அதனைக் கணினி பிடித்துவிடும். ஆனால் முப்பதின்மருள் இருவர் முதல் வாரத்துக்குப்பின் வகுப்புக்கே வரவில்லை, ஆசிரியர் அதனைப் பதிவாளர்க்கு அறிவிக்கவில்லை என்றால், எக்கணினியும் அதனைப் பிடிக்கமாட்டாது. கற்பிக்கப்படாத ஆறு மதிப்பலகு கற்பிக்கப்பட்டதாக மாநிலத்துக்குப் போய்ச்சேரும். எம்முடைய பழைய ஆசிரியரின் கோட்டுக்கு இருந்த கனம் இன்னும் குறைந்திலது.

ஏனெனில் இவ்வெண்கள் பணமாகின்றன. அங்கே சட்டசபை ஈராண்டுக்கு ஒருமுறை வரவுசெலவு வகுக்கும்பொழுது, பல்கலைக்கழகங்களின் மதிப்பலகுகளைத் துறைக்கும் படிநிலைக்கும் ஏற்ப நிறையிட்டுக் கணிக்கின்றது. தாதியியற் பாடத்தின் நிறை மானிடவியற் கலைகளின் நிறையிலும் கூடியது. ஆராய்ச்சிப் பட்டத்து வகுப்பின் நிறை முதலாண்டு வகுப்பினதிலும் கூடியது. சமுதாயக் கல்லூரிகளுக்கு 2023 ஆம் ஆண்டிலே சட்டம் மாற்றப்பட்டது. முன்னர் வகுப்பு மணிகளைப் பெரிதும் நோக்கிப் பணம் ஒதுக்கினர். இப்பொழுது எத்தனைபேர் பயனுள்ள சான்றிதழ் பெற்றனர், எத்தனைபேர் 15 மதிப்பலகேனும் முடித்துப் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்பனவற்றையே முதன்மையாக நோக்குகின்றனர். ஆகவே வகுப்பறிக்கை மட்டும் செம்மையாக இருந்தாற் போதாது. 009 ஆம் அறிக்கையில் விடுபட்ட ஒரு பெயரும் கல்லூரிக்கு நட்டமே.

கல்லூரியின் நட்டத்தைக் காட்டிலும் எமக்குக் கவலை தருவது பிள்ளையின் நட்டம். 2007 ஆம் ஆண்டின் இலையுதிர்த் தவணை தொடக்கம் முதன்முறை சேர்ந்த மாணாக்கர் அரசாங்கக் கல்லூரிகளில் ஆறு பாடங்களுக்குமேல் இடையிற் கைவிடுதல் ஆகாதென்பது ரெக்சாஸ் சட்டம். நோய், குடும்பத்திற் சாவு, படைச்சேவை முதலியவற்றுக்கு விலக்குண்டு. பன்னிரண்டாம் நாளுக்குமுன் விலகினால் அது அக்கணக்கிற் சேராது. மறுநாள் விலகினால் சேரும். அன்றியும், பட்டத்துக்கு வேண்டியதற்கு மேல் 30 மதிப்பலகைத் தாண்டி முயன்ற உள்மாநில மாணாக்கரிடம், பிறமாநிலத்தார்க்குரிய உயர்ந்த கட்டணத்தையும் பல்கலைக்கழகம் அறவிடலாம். தவறான நாளில் இட்ட ஒரு திகதி, ஒரு தகப்பனின் பணப்பையை இவ்வாறு தொடுகின்றது. அங்கே பயிலும் எம்மவர் பிள்ளைகள் இவ்விரண்டு விதியையுமேனும் முதல் வாரத்திலேயே கேட்டறிதல் நன்று.

கல்லூரி அனுப்பிய கோவையைச் சபையின் கணினி வரி வரியாகச் சோதித்துப் பிழைப்பட்டியல் தரும். வகுப்பறிக்கையிலுள்ள பாடம் கோவையில் உண்டா, ஆசிரியர் அறிக்கையிலுள்ள வகுப்பு வகுப்பறிக்கையில் உண்டா என்று ஒன்றோடொன்றை ஒப்பிடும். பதிவாளர் அலுவலகத்தார் அப்பட்டியலோடு துறைத்தலைவரின் வாசலுக்கு நடப்பர். துறைத்தலைவர் விடுமுறையிற் சென்றிருப்பார். இது உலகெங்கும் ஒக்கும். பிழைகள் நீங்கியபின் பொறுப்பாளர் அறிக்கை மெய்யென உறுதிப்படுத்துவார். அதன்பின் அத்தவணையின் வகுப்பு அந்த வரிகளில் எழுதப்பட்டவாறே மாநிலத்தின் ஏட்டில் நிற்கும்.