விரல் போன கணக்கு

நம்பிக்கை: “இ.எஸ்.ஐ. கட்டுகிறோமே, விபத்து நடந்தால் அது பார்த்துக்கொள்ளும்.”

உண்மை: சிகிச்சையையும் உதவித்தொகையையும் பார்த்துக்கொள்ளும், பட்டறையின் நட்டத்தை அல்ல. பவர் பிரஸ்ஸில் ஒருவர் விரல் போனால் அன்றைக்கு மிஷின் நிற்கும். டை அடிபட்டிருந்தால் டூல் ரூமுக்குப் போகும். ஆர்டரை முடிக்க ஓவர்டைம், புது ஆளுக்குப் பயிற்சி, அவருக்குக் கை பழகும்வரை ரிஜெக்ட். இவை எதுவும் கணக்கில் ‘விபத்து’ என்ற தலைப்பில் ஏறாது. கூலியிலும் ஸ்கிராப்பிலும் கரைந்துவிடும். மிஷினுக்கான பாதுகாப்புத் தடுப்போ ஒரே பில்லாக மேசைக்கு வருகிறது. முதலாளி கண்ணுக்கு அதுதான் செலவாகப் படுகிறது.

தொழிலாளியின் கணக்கு இன்னும் மோசம். இ.எஸ்.ஐ. சட்ட அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு, பெருவிரலுக்கு 30. நிரந்தர ஊன உதவித்தொகை சம்பளத்தின் 90 சதவீதத்தில் அந்தப் பங்குதான். 15,000 ரூபாய் வாங்கியவருக்கு ஆள்காட்டி விரலுக்காக மாதம் சுமார் 1,900 ரூபாய் வரும்.

நம்பிக்கை: “பாதுகாப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் லாபம் போகும்.”

உண்மை: 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்த பால் ஓ’நீல், முதலீட்டாளர்களிடம் முதலில் பேசியது லாபத்தைப் பற்றியல்ல, தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி. அவர் காலத்தில் காயத்தால் இழந்த வேலை நாட்கள் 100 பேருக்கு 1.86 என்பதிலிருந்து 0.2 ஆகக் குறைந்தன; லாபமோ பல மடங்கு கூடியது. முழுப் புகழையும் பாதுகாப்புக்கே கொடுக்க முடியாது, அலுமினியச் சந்தைக்கும் பங்குண்டு. ஆனால் லாபத்தைப் பாதுகாப்பு கெடுக்கவில்லை என்பது நிச்சயம்.

நம்பிக்கை: “கவனக்குறைவுதான் காரணம்.”

உண்மை: கையால் தகடு வைத்து, காலால் பெடல் மிதிக்கும் மிஷினில், கை உள்ளே இருக்கும்போதே கால் அழுத்திவிடலாம். பீஸ் ரேட்டில் எட்டு மணி நேரம் இதையே செய்பவரிடம் தவறாத கவனத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

நம்பிக்கை: “சென்சார் மாட்டிவிட்டால் போதும்.”

உண்மை: கீ கிளட்ச் பிரஸ் ஒருமுறை பிடித்துவிட்டால் சுற்று முடியாமல் நிற்காது. கை குறுக்கே வந்ததைச் சென்சார் கண்டுகொண்டாலும் பயனில்லை. அந்தப் பிரஸ்ஸுக்குக் கை நுழையாத நிலையான தடுப்பும், தகட்டை வெளியிலிருந்தே தள்ளிவிடும் ஏற்பாடும்தான் சரி. பொருந்தாத தடுப்பு வேலையை இழுக்கத்தான் செய்யும். ஆபரேட்டரே அதைக் கழற்றி வைத்துவிடுவார். சென்சாருக்கோ தடுப்புக்கோ பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பிரஸ்ஸில் எந்தக் கிளட்ச் இருக்கிறது என்று பாருங்கள். ஆபரேட்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.