பதின்மூன்று பொம்மைகளும் ஒரு மேசையும்

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

ஓவியத்தைப் பார்ப்பது வேறு. அதனை நம் கையால் அமைத்துப் பார்ப்பது வேறு. இவ்வுண்மையை நான் உணர்ந்தது எங்கள் துறைக் கண்காட்சியின்போதுதான். உலகப் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றை, வரையாமல், கிடைத்த பொருள்களைக் கொண்டே அமைத்துக் காட்ட வேண்டும் என்று பேராசிரியர் பணித்தார். என் பங்கிற்கு வந்தது லியனார்டோ டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’.

ஓவியத்தின் வரலாறு

இத்தாலியின் மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்னும் மடத்தின் உணவுக்கூடச் சுவரில், ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை லியனார்டோ இதனைத் தீட்டினார். அகலம் சுமார் 8.8 மீட்டர், உயரம் சுமார் 4.6 மீட்டர். சுவரோவியம் தீட்டுவோர் ஈரச் சுண்ணப் பூச்சு உலருமுன் விரைந்து வரைவது வழக்கம். நிதானமாகத் திருத்தித் திருத்தி வரையும் இயல்புடைய லியனார்டோ, உலர்ந்த பூச்சின் மீதே தீட்டினார். ஆகவே சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் அச்சுவரில் வாயில் ஒன்று திறந்தபோது இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதி அழிந்தது. 1943இல் குண்டுவீச்சில் கூடம் இடிந்தபோதும், மணல் மூட்டைகள் அடுக்கிக் காத்த அச்சுவர் தப்பி நின்றது. 1978இல் தொடங்கிய சீரமைப்புப் பணி 1999இல் நிறைவுற்றது.

பொம்மைகள் கற்பித்தவை

எங்கள் வீட்டுக் கொலுப் பெட்டியிலிருந்து பாண்டு வாத்தியக்காரர் பொம்மைகள் பன்னிரண்டை எடுத்து வந்தேன். இயேசுவின் இடத்திற்கு, நண்பன் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் இருந்த இடையன் பொம்மை கிடைத்தது. செருப்புப் பெட்டி அறையாயிற்று, மரப்பலகை மேசையாயிற்று.

முதற் சிக்கல், மேசையின் ஒரு பக்கத்தில் பதின்மூவருக்கும் இடம் போதவில்லை. படத்தை மீண்டும் உற்று நோக்கினேன். லியனார்டோவின் மேசையிலும் அத்தனை பேர் வரிசையாக அமர இடமில்லை! அவர் சீடர்களை மூவர் மூவராக நான்கு குழுக்களாக்கி, ஒருவர் மேல் ஒருவர் சாயும்படி நெருக்கியிருக்கிறார். அவ்வாறே நானும் நெருக்கி வைத்தேன். இடையனைச் சுற்றி மட்டும் வெற்றிடம் தானே அமைந்தது. பின்னர்ப் பெட்டியின் மேல்விளிம்புகளிலிருந்து நூல் கட்டிப் பார்த்தேன். ஓவியத்தில் கூரைக் கோடுகள் யாவும் இயேசுவின் தலையருகே ஒரு புள்ளியில் கூடுகின்றன. அந்த இடத்தில் ஓவியர் ஆணி அறைந்த துளையும் சீரமைப்பின்போது காணப்பட்டது.

யூதாஸ் யார்?

எஞ்சியது யூதாஸ். மூக்கு உடைந்து வண்ணம் உரிந்த பொம்மை ஒன்று இருந்தது. சிறிதும் தயங்காமல் அதனை எடுத்து, மேசையின் எதிர்ப்புறம் தனியே நிறுத்தினேன். அப்படி நிறுத்துவது பழைய மரபுதான். 1447இல் காஸ்தாஞோவும், 1480இல் கிர்லாண்டாயோவும் பிளாரன்ஸ் நகரில் தீட்டிய இராவுணவுகளில் யூதாஸ் எதிர்ப்புறத்திலேயே தனித்து இருக்கிறான். லியனார்டோவோ அவனைப் பேதுருவுக்கும் யோவானுக்கும் அருகிலேயே வைத்தார். கையில் இறுகப் பற்றிய பணப்பை, சற்றே பின்வாங்கிய உடல், முகத்தில் படிந்த நிழல், இவையே அவனுக்கு அடையாளம்.

ஏன் இப்படி? விடை தேடி நற்செய்தி நூல்களைப் படித்தேன். தம்முள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு கூறியதும், சீடர்கள் யூதாசைத் திரும்பிப் பார்த்ததாக மத்தேயு எழுதவில்லை. அது நானோ என்றே ஒவ்வொருவரும் துயரத்துடன் வினவினர். யோவான் கூறுவதோ இன்னும் வியப்பு. பணப்பை யூதாசின் பொறுப்பில் இருந்தமையால், அவன் எழுந்து போனபோது, பண்டிகைக்கு ஏதோ வாங்கவோ ஏழைகளுக்குக் கொடுக்கவோ போகிறான் என்று சிலர் எண்ணினராம். முகத்தை வைத்து எவரும் அவனை ஐயுறவில்லை. நான் மட்டும் உடைந்த மூக்கைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட்டேன்!

அப்போது ஒரு பழைய நிகழ்ச்சி நெஞ்சில் தைத்தது. சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஒருவர் உணவுக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணம் காணாமற் போயிற்று. “அவனாகத்தான் இருக்கும்” என்று முதலில் சொன்னவன் நான். அவன் என்று நான் சுட்டிய மாணவனிடம் நான் கண்ட குற்றம், சாயம் போன சட்டை ஒன்றே. மூன்றாம் நாள் பணம் புத்தகம் ஒன்றின் நடுவே அகப்பட்டது. நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. அன்று முதல் அவன் எங்கள் மேசைக்கு உண்ண வருவதில்லை.

உடைந்த பொம்மையை எடுத்து மற்றவர்களோடு நடுவில் வைத்தேன். யூதாசின் பணப்பையை, பளபளப்பான வேறொரு பொம்மையின் கையில் கட்டினேன்.

கண்காட்சியன்று அம்மாணவனும் வந்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதில் யூதாஸ் யார்?” என்று கேட்டான்.

“முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நானும் ஒருமுறை தவறாகச் சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிடு” என்றேன்.

அவன் ஒன்றும் கூறாமல் நகர்ந்தான். அன்றிரவு விடுதியில் என் தட்டை எடுத்துக்கொண்டு, அவன் அமர்ந்திருந்த மேசைக்குச் சென்றேன். அவன் சற்றே நகர்ந்து இடம் கொடுத்தான்.