தலையில் கரண்ட் வைப்பார்களா?

என் பேத்திக்கு வலிப்பு வருகிறது. திருச்சி டாக்டர் ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்கிறார். குழந்தையின் தலையில் கரண்ட் வைப்பார்களாமே? மூளையின் காந்தத்தை அளக்கும் காந்தப் பதிவு இதைவிட மேலா?
— ஒரு பாட்டி, ஸ்ரீரங்கம்

அஞ்சற்க, அம்மணி. ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த நாள் தொட்டு, இந்தப் பரீட்சையில் மின்சாரம் சிரசிலிருந்து யந்திரத்துக்குப் போகிறதேயன்றி யந்திரத்திலிருந்து சிரசுக்கு வருவதில்லை. போவதும், ஒரு வோல்ட்டை லட்சம் கூறாக்கினால் அதில் சில கூறுகளே. இத்தனை சொற்பமான சமிக்ஞைக்குப் பரம சத்துரு உங்கள் வீட்டு நல்லெண்ணெய்தான்! ஆகையால் முதல் நாளே ஷாம்பு போட்டு அலசி, மறுபடி எண்ணெய் தொடாமல், பூவும் வைக்காமல், வயிறாரச் சாப்பிட வைத்துக் காவிரிப் பாலம் தாண்டி அழைத்துச் செல்லுங்கள். பசை தடவிச் சுமார் 20 உலோக வில்லைகளை ஒட்டுவார்கள். கண்ணெதிரே விளக்கு மின்னினால் திடுக்கிட வேண்டாம், அதுவும் பரீட்சையின் அங்கமே. வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

காந்தப் பதிவோ, பூமியின் காந்தத்தில் பல கோடியில் ஒரு பங்கேயான மூளையின் காந்தத்தை, மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்ந்த கருவிகளால், காந்தம் புகாத அறைக்குள் அளக்கும் வித்தை. நம் கல்பாக்கம் விஞ்ஞானிகளே அத்தகைய யந்திரத்தைச் சுயமாக நிர்மாணித்திருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்துக்கு அடங்காத வலிப்பில், சஸ்திர சிகிச்சைக்கு முன் இடங்குறிக்கவே அது தேவைப்படும். உங்கள் பேத்திக்கு இப்போது திருச்சி ஈ.ஈ.ஜி.யே போதும்.