ஒழுகும் இடமும் ஊறும் இடமும்

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இராஜபாளையத்திலிருந்து திரும்பும்போது சாலைத் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கி, தாத்தாவின் புல்லட் இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டதென்றும், முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பைத் தவிர உனக்கு வேறு காயமில்லையென்றும் படித்த உடனே, உன் அத்தை கோயிலுக்குப் போய் வைத்தியநாதர் சந்நிதியில் ஒரு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வண்டிக்கடியில் உள்ளங்கையளவு எண்ணெய் தேங்கியிருந்ததென்றும், கண்ணில் படுகிற போல்ட்டுகளையெல்லாம் இறுக்கிச் செயின்கேஸின் ஓரம் முழுவதும் பசை பூசிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு ஸ்பேனரைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் பதில். திருமலை நாயக்கரின் வயிற்றுநோய் தீர்ந்ததாகத் தலவரலாறு சொல்லும் இந்த ஸ்தலத்தில் இருந்துகொண்டு, வியாதி இன்னதென்று அறியாமல் மருந்து பூசும்படி உனக்கு நான் எப்படி எழுதுவேன்? எண்ணெய் ஒழுகுதல் வியாதியன்று. வியாதியின் அடையாளம் மாத்திரமே.

உன் கையிலிருப்பது சாமானியமான யந்திரமன்று. 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியாரோடு கூட்டுச் சேர்ந்து, முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டியும், பின்னர் திருவொற்றியூரிலேயே உறுப்புகளைச் செய்தும் உருவாக்கிய வம்சத்தில் வந்தது அது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. என்பது உனக்குத் தெரியும்; நீ இனி அறிந்துகொள்ள வேண்டியது, அதன் எண்ணெய் எங்கெங்கே குடியிருக்கிறது என்பது. என்ஜின் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. கிராங்க்கேஸின் வார்ப்புக்குள்ளேயே ஓர் அறையில் அது நிற்க, வலப்பக்கத்து டைமிங் கவருக்குள் இருக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று அதை மேலே அனுப்புகிறது, மற்றொன்று திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இடப்பக்கத்துச் செயின்கேஸுக்கு வேறு எண்ணெய், கியர்பாக்ஸுக்கு வேறு, முன்ஃபோர்க்குக்கு வேறு. ஆகையால் ‘வண்டியில் எண்ணெய் ஒழுகுகிறது’ என்று மொட்டையாகச் சொல்வது, ‘வீட்டில் யாருக்கோ காய்ச்சல்’ என்று சொல்வதைப் போன்றது. யாருக்கு என்று முதலில் தெரிய வேண்டும்.

சிந்தியது வேறு, ஒழுகுவது வேறு. வண்டி சாய்ந்து கிடந்த நேரத்தில் என்ஜினின் மூச்சுக்குழாய் வழியாகக் கொஞ்சம் எண்ணெயும், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும், சில சமயம் பேட்டரியிலிருந்து ஆசிட்டும் வெளியேறுவது இயற்கை. அவ்விதம் சிந்தியது ஃபின்களின் இடுக்கில் தங்கியிருந்து இரவெல்லாம் சொட்டினால், அதற்குப் பரிகாரம் துடைப்பதன்றி வேறில்லை. பெட்ரோல் வாசனை இருக்கும் வரையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. ஸ்டார்ட் செய்யுமுன் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை நாலைந்து முறை மெல்ல மிதித்துப் பார். இடையில் எங்கேனும் கட்டையாக நின்றால், பலவந்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பிறகு வண்டியை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடு. கவர்கள் சேரும் விளிம்புகளிலும் போல்ட்டுத் தலைகளைச் சுற்றியும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, என்ஜின், செயின்கேஸ், கியர்பாக்ஸ் ஆகிய மூன்றின் சொட்டும் தாளில் எங்கெங்கே விழுமென்று பென்சிலால் குறித்துவை. பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, ஓர் இரவு பொறுத்திரு. காலையில் தாளில் கண்ட சொட்டையும், மூன்று அறைகளிலிருந்தும் குச்சியால் தொட்டெடுத்த எண்ணெயையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம், வாசனை, கனம் ஆகியவற்றை ஒப்பிட்டாயானால், எது யாருடைய எண்ணெய் என்பதில் சந்தேகம் இராது.

அடுத்தது, எண்ணெய் தென்படும் இடத்திலிருந்து அது ஊறும் இடத்துக்கு ஏறிச் செல்வது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலால் நனைந்திருப்பவற்றுள் மிக உயரமானதும் மிக முன்னே இருப்பதுமான இடமே குற்றவாளியாக இருக்கக்கூடியது. ராக்கர் கவரின் பேக்கிங்கில் கசிந்தது ஃபின் வழியாக இறங்கி, கிராங்க்கேஸே விரிசல் விட்டுவிட்டதோ என்று பயமுறுத்தும். ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் வெளிக் குழாயின் வாஷர்களையும், சிலிண்டரின் அடியிலுள்ள டாப்பெட் கவரையும் அலட்சியம் செய்யாதே.

நீ இடப்பக்கம் விழுந்தவனாகையால் செயின்கேஸின்மேல் சந்தேகம் கொண்டது நியாயமே. ஃபுட்ரெஸ்ட்டோ பிரேக் பெடலோ உள்ளே மடங்கி அதன் கவரை இடித்திருக்கிறதா என்று பார். விரலால் தடவினால் நுண்ணிய விரிசலும் தட்டுப்படும். அந்தக் கவர் ஒற்றை நட்டினால் ஒரு ரப்பர் வளையத்தின்மேல் அழுந்தி நிற்பது. நட்டை மிதமிஞ்சி இறுக்கினால் கவர் வளைந்து, ஒழுக்கு முன்னிலும் அதிகமாகும். ஆல்டர்னேட்டர் வயர் வெளிவரும் துளையையும் பார்த்துவிடு. செயின்கேஸில் அளவு ஏறியும் என்ஜினில் அளவு இறங்கியும் வந்தால், உள்ளிருக்கும் ஆயில் சீல் தேய்ந்து போயிற்றென்று கொள். அது விழுந்ததால் வந்ததன்று, வயதால் வந்தது. ஒரே சமயத்தில் பல இடங்களில் பிதுங்கினாலோ, மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார். உள்ளே அழுத்தம் கூடினால் எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் வெளியேறும். வெகுநாள் நின்ற வண்டியில் எண்ணெய் தானாகவே அடியில் இறங்கித் தங்கிவிடுமாகையால், அளவைச் சிறிது நேரம் ஓட்டிய பிறகே பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வியை நீ கேட்கவே இல்லை. விழுந்ததால் ஒழுகிற்றா, ஒழுகியதால் விழுந்தாயா? பின்சக்கரம் வழுக்கியது என்று நீயே எழுதியிருக்கிறாய். பின்டயரின் இடப்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பார். புழுதியோடு கெட்டிப்பட்ட பழைய எண்ணெய் அங்கே இருக்குமாயின், ஒழுக்கு அந்த வீழ்ச்சிக்கு முந்தியது, அதற்கு அதுவே காரணமாகவும் இருந்திருக்கக்கூடும். அந்நிலையில் பசை பூசி மறைப்பது, அடுத்த வீழ்ச்சிக்கு நாள் குறிப்பதாகும்.

பஞ்சாலையில் பிட்டராகச் சேர்ந்த புதிதில், கியர் பெட்டியொன்றில் கசிவைக் கண்டு, காரணம் தேடாமல் போல்ட்டை இறுக்கி, மரையை அறுத்துவிட்டேன். மேலே ஒரு வாஷர் நைந்திருந்ததுதான் உண்மையான குறை; அரைமணி நேரத்து வேலை என் அவசரத்தால் மூன்று நாள் வேலையாயிற்று. அன்றுமுதல், பார்த்து முடிக்கும் வரையில் கருவியை எடுப்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே காத்து வருகிறேன். அந்த விரதத்தை உனக்கும் கொடுக்கிறேன்.

ஆகவே இன்று மாலை வண்டியைக் கழுவி உலர்த்து. நாளைக் காலையில் தாளில் சொட்டு எங்கே விழுந்தது, டயர் துடைத்த துணி என்ன நிறமாயிற்று என்ற இரண்டையும் எனக்கு எழுது. எந்த நட்டைத் தொடுவது என்பதை அதன் பிறகு சொல்லுகிறேன். டயரைச் சோப்புநீரால் கழுவிச் சுத்தம் செய்து, ஒழுக்கும் நிற்கும் வரையில், கல்லூரிக்குப் பஸ்ஸில் போ.

இப்படிக்கு,
உன் மாமா.